சராசரி பெய்யாத ஊர்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கும் மறுநாள் காலை எட்டரை மணிக்கும் இடையே ஊத்தங்கரையில் பெய்த மழை 503 மில்லிமீட்டர். மறுநாள் நாளிதழில் இந்த எண்ணைக் கண்டபோது எங்களில் ஒருவர் அதை அச்சுப்பிழை என்றே நினைத்தார். கடலோர ஊர்களுக்கு உரிய எண் அது. ஃபெஞ்சல் புயல் கரையேறிய புதுச்சேரிப் பக்கத்துக்கு முந்தைய நாள் அப்படியொரு எண் கிடைத்திருந்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். ஆனால் ஊத்தங்கரை கடலிலிருந்து நேர்கோட்டில் நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் உள்ளே இருப்பது. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் மாந்தோப்புமாக, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போன பூமி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே எண்ணூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர்தான். ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்து தீர்ந்துவிட்டது. பேருந்து நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் காகிதப் படகுகளைப் போலப் போனதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு.

இலண்டன் மாநகருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அதில் ஆறில் ஐந்து பங்கை ஊத்தங்கரை ஒரே நாளில் வாங்கிக்கொண்டது.

ஊத்தங்கரை மழைக்கு இலண்டனை ஏன் இழுக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். வேடிக்கைக்காக அல்ல. நம் மழையை நாம் அளக்கும் முறையும், அதைப் பற்றிப் பேசும் சொற்களும், அதை நம்பி வரி போட்ட, அணை கட்டிய, பாலம் அமைத்த கணக்குகளும் பெரும்பாலும் அந்த அட்சரேகைகளிலிருந்து வந்தவை. மழைநாள் காலை எட்டரைக்கு ஏன் தொடங்குகிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? நம் ஊர்க் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். நாட்காட்டிக் கணக்கில் நள்ளிரவில். எட்டரை எதிலும் சேராது. அது கிரீன்விச் நேரப்படி மூன்று மணி. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் வானத்தை வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி ஊத்தங்கரையின் மழைமானியும் கிரீன்விச்சின் கடிகாரத்துக்குத் தலையசைக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது நேரம் வேண்டும்தான். கடிகாரத்தோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. சராசரி என்ற எண்ணத்தைச் சொல்கிறோம்.

*

பூமியின் நடு அட்சரேகைப் பகுதி என்பது, தோராயமாக, இரு அரைக்கோளங்களிலும் 30 முதல் 60 பாகை வரை விரிந்து கிடக்கும் இரண்டு பட்டைகள். நம் பாடநூல்கள் மித வெப்ப மண்டலம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதையே. ஐரோப்பா ஏறக்குறைய முழுவதும், வட அமெரிக்காவின் பெரும்பகுதி, சீனத்தின் வடபாதி, ஜப்பான் ஆகியவை இதற்குள் அடங்கும். துருவத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் வெப்பமண்டல ஓரத்திலிருந்து ஏறும் சூடான காற்றும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலில் சுழல்கள் பிறந்து, மேலைக் காற்றில் ஏறி, மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். கோடை, குளிர்காலம் என்று பார்க்காது. சில நாட்களுக்கு ஒரு முறை ஒரு தாழ்வழுத்தம் வரும், தூறும், வெளுக்கும், அடுத்தது வரும்.

கிளாஸ்கோ நகரம் 55 பாகை 52 கலையில் இருக்கிறது. கோடையில் அங்கே பகல் பதினேழரை மணி நேரம். குளிர்காலத்தில் ஏழு மணி நேரம். பகலின் நீளத்தில் இத்தனை பெரிய மாற்றம் இருக்கும்போது நான்கு பருவங்களும் வெப்பத்தால் பிரிவது இயல்பு. மழையால் அவை பிரிவதில்லை. மழை பன்னிரண்டு மாதங்களிலும் உண்டு. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஊத்தங்கரையிலோ, 12 பாகை 16 கலையில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். இங்கே காலத்தைப் பிரிப்பது வெயிலைவிட மழை. தொல்காப்பியம் பெரும்பொழுதுகள் ஆறில் காரை முதலில் வைத்ததன் பின்னால் இந்த நில அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணிக்கொள்வதுண்டு.

ஆகவே கிளாஸ்கோவில் ஒருவர் மழையின் சராசரியைச் சொன்னால் அந்த எண்ணுக்கு ஒரு நேர்மை உண்டு. பெரும்பாலான ஆண்டுகள் அதன் பக்கத்திலேயே நிற்கும். ஊத்தங்கரையில் சராசரி என்பது, ஒரு காலை ஐஸ் பெட்டியிலும் மறு காலை அடுப்பிலும் வைத்தவனின் சௌகரியத்தைப் போன்றது. 2016 இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. எட்டே ஆண்டுகள் கழித்து இந்த 503. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் மழை எந்த ஆண்டிலும் பெய்யாத மழை.

*

அந்தக் கிளாஸ்கோவில் 1761 இல் பிறந்த ஒருவர் 1792 இல் இந்தப் பகுதிக்கு வந்து ஏழாண்டுகள் நிலத்தை அளந்தார். தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அதே மன்றோதான்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பகுதிகளில் பெரும்பாகம் அதில் அடங்கும். அதை நிருவகிக்கக் காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்ற படை அதிகாரியைக் கார்ன்வாலிஸ் நியமித்தார். மன்றோ, மக்லியோட், கிரேகாம் மூவரும் அவருடைய உதவியாளர்கள். குடிமை அதிகாரிகளுக்கு நாட்டு மொழி தெரியாது என்பதே படைவீரர்களை அழைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மன்றோ தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்களில் ஊர் திரும்ப ஏங்கும் ஒரு மனிதனின் குரலையும் கேட்க முடியும்.

அதே 1792 இல்தான் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகம் கட்டிமுடிந்தது. 1796 முதல் கோல்டிங்காம் என்பவர் அங்கே வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் ஒழுங்காகக் குறித்துவைக்கத் தொடங்கினார். வானத்தை அளக்கும் பதிவேடும் வயலை அளக்கும் பதிவேடும் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறக்கப்பட்டன. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரீடின் முதல் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு வயலையும் அளப்பது, அதன் தரத்துக்கேற்ப ரொக்கத்தில் ஒரு தீர்வை விதிப்பது, அதைச் சில ஆண்டுகளுக்கு மாற்றாமல் குத்தகையாகக் குடியானவனிடம் கொடுத்துவிடுவது. நிலையான வாரம், நிலையான உரிமை. அதனால் குடியானவன் துணிந்து முதல் போடுவான் என்பது வாதம். பிரித்தானியப் பண்ணை நிலத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இதில் தவறே காண முடியாது. பாராமகாலின் குடியானவர்கள் இதை ஏற்கத் தயங்கினார்கள். இந்த ஆண்டு பத்து வயல் உழுதவன் அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் நான்கை மட்டுமே உழுவான். மாடு செத்துப்போனால் அதுவும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரே தொகையைக் கட்டுகிறேன் என்று அவன் எந்த வானத்தை நம்பிச் சொல்வான்?

இதில் ரீடையும் மன்றோவையும் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1796 இல் ரீடு வெளியிட்ட அறிவிப்பு, குடியானவன் ஆண்டுதோறும் தான் விரும்பிய வயல்களை வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவற்றை விட்டுவிடலாம் என்று அனுமதித்தது. இரயத்துவாரி முறையின் இதயம் அதுதான். வரலாற்றுப் பாடத்தில் இரயத்துவாரியை அரசு குடியானவனோடு நேரடியாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஒரு வரியில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதனுள் ஆண்டுக்கொருமுறை என்ற சொல் எதற்காக நுழைந்தது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. ஊத்தங்கரை போன்ற ஊர்களின் வானம்தான் அந்தச் சொல்லை அங்கே நுழைத்தது. இன்றும் ஜூலை 1 இல் பசலி ஆண்டு பிறக்கிறது. வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு நிற்கிறவர்களுக்கு அது குறைதீர்க்கும் நாள். அதன் வேர், ஒரு ஸ்காத்லாந்துக்காரர் நம் மழையிடம் தோற்று ஒப்புக்கொண்டதில் இருக்கிறது.

ஆனால் தோல்வியை முழுவதும் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தீர்வை ரொக்கமாகவே இருந்தது, தொகையும் அதிகம். மன்றோவே பிற்பாடு, 1807 இல், ஆந்திரத்தின் தத்த மண்டலத்தில் தாம் விதித்த தீர்வையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாணம் மறுநிலவரித் திட்டம் செய்தபோது சராசரி மீண்டும் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஒரு வயலின் சராசரி விளைச்சலைக் கணிப்பார்கள். அதிலிருந்து பருவத்தின் ஏற்றத்தாழ்வுகளுக்கென்று ஒரு விழுக்காட்டைக் கழிப்பார்கள். சாகுபடிச் செலவைக் கழிப்பார்கள். மிஞ்சியதில் பாதி அரசுக்கு. நஞ்சைக்குத் தண்ணீர் இல்லாமற்போனால் வஜா உண்டு. புஞ்சைக்குப் பொதுவாகக் கிடையாது. ஏனென்றால் கெட்ட ஆண்டுகளுக்கான கழிவு முன்னமேயே கணக்கில் சேர்ந்துவிட்டதாம்! நல்ல ஆண்டில் சேமித்துக் கெட்ட ஆண்டில் கட்டு என்பதே அதன் உட்பொருள். காகிதத்தில் மிகவும் நியாயமான ஏற்பாடு. நல்ல ஆண்டின் மிச்சத்தைக் குடியானவன் கெட்ட ஆண்டுவரை வைத்திருக்கும்படி கடன்காரனும் விட்டிருந்தால் நியாயமாகவே இருந்திருக்கலாம்.

ஊத்தங்கரை வட்டமோ ஏறக்குறைய முழுவதும் புஞ்சை.

*

தாது வருடம் வந்தது. 1876 இல் இரு பருவங்களும் பொய்த்தன. 1877 இல் தென்மேற்கும் ஏமாற்றியது. அப்போது ஊத்தங்கரை சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.67 லட்சம், 1881 இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்தாண்டு இயல்பாக வளர்ந்திருந்தால் இருந்திருக்க வேண்டியவர்களை விட்டுவிடுவோம். இருந்தவர்களிலேயே மூன்றரை லட்சத்துக்கு மேல் காணவில்லை. செத்தவர்கள் எத்தனை, தோட்டங்களுக்கும் அக்கரைக்கும் போனவர்கள் எத்தனை என்று பிரிப்பது கடினம். கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையாட்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தளவுக்குக் குறைத்ததும், சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடியதும் தனியே எழுத வேண்டிய கதை. உணவுப் பஞ்சத்தை வானம் மட்டும் உண்டாக்குவதில்லை என்பதற்கு அந்த வாதமே போதும். இராஜாஜி பிறந்தது இதே வட்டாரத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878 டிசம்பரில். பஞ்சத்தின் வால் அப்போதுதான் மறைந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு வியப்பூட்டுவது அந்தப் பஞ்சத்துக்கு அறிவியல் தேடிய விளக்கங்களின் வரிசை. 1877 இலேயே நார்மன் லாக்கியரும் ஹண்டரும் சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியைச் சென்னைப் பஞ்சங்களோடு முடிச்சுப் போட்டு எழுதினார்கள். 1875 இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்போர்டு இமயத்தின் பனியைக் காரணம் காட்டினார். பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை வலுக்குறையும் என்றார். 1886 முதல் அதை வைத்துப் பருவ முன்னறிவிப்பும் வெளிவந்தது. இமயத்தின் மேல் பனியைக் கொண்டுவந்து கொட்டுபவை யாவை? நடு அட்சரேகைகளின் மேலைக் காற்றில் மிதந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் தாழ்வழுத்தங்கள். ஆக, தொலைவிலுள்ள அந்த வானத்துக்கும் நம் வானத்துக்கும் கொடுக்கல்வாங்கல் உண்டு என்பதை முதலில் சந்தேகித்தவர்களுள் அவரும் ஒருவர்.

கில்பர்ட் வாக்கர் 1904 இல் அந்தப் பதவிக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் கணிதர், வானிலையில் முன்பயிற்சி இல்லாதவர், பூமராங் எறிவதில் பெரும் பிரியம். (1913 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஓர் எழுத்தரின் கணிதக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் இவரே, அந்த எழுத்தர் இராமானுஜன்.) ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்து, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று வாக்கர் தேடினார். கையால் கணக்குப் போட இந்திய எழுத்தர்கள் பலர் உழைத்தார்கள். 1920களில் அவர் பெயரிட்ட தென்பகுதி அலைவு அப்படிக் கிடைத்தது. பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், ஒரு துலாக்கோல் போல. அதே கணக்கில் வட அட்லாந்திக்கின் துலாக்கோலும் அகப்பட்டது. ஐரோப்பாவின் குளிர்காலம் எப்படி இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். நம் பஞ்சத்துக்குக் காரணம் தேடப் புறப்பட்டவர் வழியில் இலண்டனின் குளிருக்கும் ஒரு சாவியைக் கண்டெடுத்தார் என்பது நமக்குப் பிடித்த திருப்பம். அக்காலத்தில் அவரை ஐயத்தோடு பார்த்தவர்களே மிகுதி. எண்களின் ஒற்றுமையைக் காட்டினாரே தவிர, அதன் பின்னுள்ள பொறிமுறையை அவரால் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பிய வானிலை அறிஞர்களின் கவனம் அப்போது நார்வேயின் பெர்கன் நகரில் இருந்தது. முதல் உலகப் போரில் கடலின் வானிலைத் தந்திகள் நின்றுபோனதால் வில்கெல்ம் பியர்க்னெஸ் நார்வேயின் கரையெங்கும் நெருக்கமாகக் கண்காணிப்பு நிலையங்களை அமைத்தார். அவருடைய மகன் யாக்கப்பும் நண்பர்களும் அந்தக் குறிப்புகளிலிருந்து, குளிர்காற்றும் சூடான காற்றும் கலந்துவிடாமல் ஓர் எல்லைக்கோட்டில் மோதுவதையும், அந்தக் கோட்டின் நெளிவில் சுழல்கள் பிறப்பதையும் கண்டறிந்தார்கள். போர்க்காலத்துச் சொல்லையே எடுத்து அந்தக் கோட்டைப் போர்முனை என்ற பொருளில் அழைத்தார்கள். நடு அட்சரேகைகளின் வானிலையை இதைவிட அழகாக எவரும் விளக்கியதில்லை.

அழகான கோட்பாடுகள் ஊர்விட்டு ஊர் போகும். வெப்பமண்டலத்திலும் அப்படியொரு போர்முனை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் பருவக்காற்றின் எல்லைக்கு அதே பெயரை ஒட்டிப் பல ஆண்டுகள் வரைபடம் வரைந்தார்கள். இங்கே எதிரெதிர்ப் படைகளே இல்லை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடு, ஒரே ஈரம். நம் மழை மோதலில் பெய்வதல்ல, பொங்கிப் பெய்வது. நூற்றாண்டின் நடுவில் அந்தப் பெயரைக் கைவிட்டு, காற்றுகள் குவியும் மண்டலம் என்று அடக்கமாக மாற்றிக்கொண்டார்கள். ரீடின் ஐந்தாண்டுக் குத்தகைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

ஆனால் அதே பெர்கனின் யாக்கப் பியர்க்னெஸ் தம் முதுமையில், 1969 இல், வாக்கரின் துலாக்கோலுக்குப் பொறிமுறை கண்டார். பசிபிக்கின் நிலநடுக்கோட்டு நீர் சூடேறும் எல் நினோவும் வாக்கரின் அலைவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்றார். அந்தச் சூடு வெப்பமண்டலத்தை மட்டும் பாதிக்காமல் மேலைக் காற்றின் போக்கையும் வளைத்து நடு அட்சரேகைகளின் வானிலையை மாற்றும் என்றும் காட்டினார். தாது வருடத்தைத் திரும்பிப் பார்த்தால், 1877 இன் எல் நினோ பதிவுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று என்று இன்று அறிகிறோம். கேட்க அன்று உயிரோடிருக்க வேண்டியவர்கள் இல்லை.

*

ஓசூருக்கு ஒரு பழைய செல்லப்பெயர் உண்டு: குட்டி இங்கிலாந்து. மூவாயிரம் அடி உயரம் கொடுத்த குளிர்ச்சியில் மயங்கிய வெள்ளைக்காரர்கள் வைத்தது. படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை அருகே மத்திகிரியில் இருந்தது. சேலம் ஆட்சியராக இருந்த பிரெட் என்பவர் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் ஓசூரில் ஒரு மாளிகையே கட்டினார். உயரம் வெப்பத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு பாகை. ஆனால் எந்தக் குன்றும் மேலைக் காற்றையோ பதினேழு மணி நேரப் பகலையோ கொண்டுவந்துவிடாது. இங்கிலாந்தின் சூட்டைக் கடன் வாங்கலாம், காலத்தை வாங்க முடியாது.

இன்று அந்த வேறுபாட்டிலேயே ஓசூர் காசு பார்க்கிறது. பிப்ரவரியில் காதலர் நாளுக்கு ஐரோப்பா ரோஜா கேட்கும்போது அங்கே பகல் குறுகியது, பசுங்குடிலைச் சூடாக்கவும் விளக்கேற்றவும் வேண்டும். இங்கே பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெயில் இலவசம். சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில் ரோஜாக் கூடாரங்கள் வரிசையாக நிற்பதன் பொருளாதாரம் இரண்டு அட்சரேகைகளின் வித்தியாசம்தான். பிரெட் துரை இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

*

ஃபெஞ்சலுக்கு வருவோம். நவம்பர் 30 இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையே புதுச்சேரி அருகே கரையேறிய புயல், வழக்கம்போல மேற்கே நடந்து தேயவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் முற்பகல் வரை ஏறக்குறைய அசையவே இல்லை. புயல் தானாக நடப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டத்தில் மிதந்துபோவது. நமக்கு வடக்கே, வெப்பமண்டலமும் நடு அட்சரேகையும் சந்திக்கும் எல்லையில், ஓர் உயரழுத்த முகடு உண்டு. அதன் தென்புறத்துக் கிழக்கைக் காற்று புயலை மேற்கே தள்ளும். மேலைக் காற்றின் ஒரு பள்ளம் தெற்கே தாழ்ந்து அந்த முகட்டை உடைத்தால் புயல் வடகிழக்கே திரும்பிவிடும். இந்த முறை இரு பக்கமும் அமைந்த உயரழுத்தச் சுழற்சிகளுக்கு நடுவே அது அகப்பட்டுக்கொண்டது. இந்தப் பக்கத்துத் தள்ளலை அந்தப் பக்கத்துத் தள்ளல் சரிக்கட்ட, வழிநடத்த ஆளில்லாமல் நின்ற இடத்திலேயே கொட்டியது. பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தபோது விழுப்புரம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை, அரூர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிக்கொண்டன. அரூரில் 33 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவு விழுந்து ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அனுமன்தீர்த்தத்தில் ஆடிப்பெருக்குக்குத் தேடிப்போய்க் குளிக்கும் தென்பெண்ணை அன்று கரையை மறந்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து நாங்கள் மூவர் ஊத்தங்கரைக்குப் போயிருந்தோம். இந்த ஊரைப் பிற மாவட்டத்துப் பெற்றோர்கள் அறிந்தது மழைக்காக அல்ல; பன்னிரண்டாம் வகுப்பில் மாநில முதலிடங்களை அள்ளிய விடுதிப் பள்ளிகளுக்காக. மித வெப்ப மண்டலத்தின் நான்கு பருவங்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர். தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், தலையில் துண்டு, எங்கள் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏரி கோடி போறதுன்னா எங்க காலத்துல தேங்கா ஒடச்சுக் கும்புடுவோம் சார். இப்ப கோடியே எங்க இருக்குன்னு தெரியல. தண்ணிக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

கோடி என்பது இந்தப் பக்கத்தில் ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் வாய். ஏரி கட்டியவர்கள் சராசரியை அறியாதவர்கள். அவர்களுக்குத் தெரிந்தவை இரண்டு: பெய்யாத ஆண்டு, பெருகும் ஆண்டு. முன்னதற்காகக் கரை எழுப்பினார்கள், பின்னதற்காகக் கோடி விட்டார்கள். கோடியிலிருந்து ஓடும் கால்வாய் முப்பது ஆண்டுகள் வெறுமனே கிடந்தாலும் அது வீணான இடமல்ல. முப்பத்தோராவது ஆண்டுக்கு உரிய இடம். சராசரியை வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது காலிமனையாகத் தெரியும். ஊருக்கு ஊர் அப்படித் தெரிந்தது. கடையாகவும் சாலையாகவும் நிறுத்துமிடமாகவும் ஆனது. பழைய ஏரிகள் எல்லாம் தாங்கின என்று சொல்லவரவில்லை. அவையும் உடைந்திருக்கின்றன, தாது வருடத்தில் வறண்டுமிருக்கின்றன. 503 மில்லிமீட்டரை எந்தக் கோடி தாங்கியிருக்கும் என்று எங்களால் அறுதியிட முடியாது. ஆனால் அந்த எண்ணைப் போன்றதொன்று வரும் என்று எதிர்பார்த்த கட்டுமானம் அது ஒன்றுதான்.

பயிர்க் காப்பீட்டு விதிகளை அந்தப் பெரியவரிடம் விளக்க முயன்றோம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டை அளக்கும் வரம்பு விளைச்சல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. மோசமான இரண்டைத் தள்ளிவிட்டுக் கணக்கிடுவது குடியானவனுக்குச் சாதகமான ஏற்பாடுதான். மறுநிலவரித் திட்டக்காரர்கள் செய்ததற்கு நேர் எதிரான கருணை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தத் தள்ளிவிட்ட ரெண்டு வருசத்துலதான் சார் எங்கண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாரு, திரும்பி வரவே இல்ல என்றார்.

மழைமானியைப் பார்க்கலாமா என்று கேட்டு, அனுமதி பெற்று, பார்த்தோம். கம்பி வேலிக்குள் ஒரு சிறு உருளை. பக்கத்தில் புல் மண்டியிருந்தது. பதிவேட்டில் தேதிக்கு ஒரு வரி; பெரும்பாலான வரிகளில் சுழியம். டிசம்பர் 2 க்கு உரிய வரியும் மற்ற வரிகளின் அகலமே இருந்தது.